திங்கட்கிழமை ராகு காலம்

“உசுரே போனாலும் ராகு காலத்துல கத்தி வெக்க வுடமாட்டேன்” என்று கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் பாஞ்சாலி.

வல்லத்திலிருந்து வந்தவள். மூன்று மாதமாகப் பித்தப்பையில் கல். திண்டிவனத்தில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு சர்ஜன் புதுச்சேரியிலிருந்து திங்கட்கிழமை மட்டும்தான் வருவார். முதல் ஆபரேஷன் எட்டு மணிக்கு, பாஞ்சாலிக்கு. இன்று தவறினால் அடுத்த வாரம்தான். அதுவரை தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில்தான் இருதயமேரி சிஸ்டரைக் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற சிஸ்டர் இல்லை. நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்து பேசி, விரும்புகிறவர்களுக்கு ஜெபம் செய்து, தைரியம் சொல்வதற்கென்றே ஆஸ்பத்திரியில் இருக்கும் கன்னியாஸ்திரி.

சிஸ்டர் பேசிப் பார்த்தார். ஜெபம் செய்யட்டுமா என்றும் கேட்டார். தாராளமாகச் செய்யலாம், ஆனால் அதையும் ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள் பாஞ்சாலி.

விடாமல் பேசியதில் அவள் கொஞ்சம் இறங்கி வருகிற மாதிரி இருந்தது. அப்போது பார்த்துப் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

“அந்தம்மா சொல்றது கரெக்டுதான் சிஸ்டர். ஏழரைலேர்ந்து ஒம்பது வரிக்கும் ராகு காலம். ஒம்பதே காலுக்கு மேல அருமையான நேரம்.”

தாண்டவராயன். கண்டாச்சிபுரத்தில் பேர் போன ஜோசியர். குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்திருந்தார். அவருடைய முறை எப்போது தெரியுமா? ஒன்பதரைக்கு!

சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்கு நல்ல நேரமாகக் கிடைத்துவிட்டது என்ற தெம்பில், பயந்து கிடக்கிற பொம்பளையை மேலும் பயமுறுத்துகிற மனுஷனை என்ன சொல்வது? கன்னியாஸ்திரி சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கோபம் ஆறட்டும் என்று ஆஸ்பத்திரி சேப்பலில், சாமி முன்னால் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். ஆறவில்லை.

நேராக டாக்டரிடம் போய், முதலில் அந்த ஜோசியரை வேறு ரூமுக்கு மாற்றச் சொன்னார்.

டாக்டர் சிரித்துவிட்டார். “மாத்தியாச்சு சிஸ்டர், தியேட்டருக்கு. முதல்ல தன்னை எடுத்துக்கச் சொல்லி அவரே கேட்டாரு. ஒன்பதரைக்கு அந்தம்மாவும் வர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க.”

சிஸ்டர் ஓடினார். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. பச்சை கவுனில் ஜோசியர்.

“ஐயா, உங்களுக்கு ராகு காலம் கிடையாதா?” என்றார் சிஸ்டர்.

“எனக்கு இல்லாமலா? நாப்பது வருசமா ஊருக்கே அதைத்தானே சொல்லிக்கினு இருக்கேன்? அந்தம்மா பயந்தா ஊட்டுக்குப் போய்டும். நான் பயந்தாலும் டேபிள்ல படுத்துக்குவேன், அவ்ளோதான்.”

போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினார்.

“உங்க சாமிக்குத்தான் ராகு காலம் கெடையாதே. ஜல்தியா எனக்கு ஒரு ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்.”