ரியோவில் ஒரு வாரம்

"ஏட்டி ஷாலினி, அந்த பிரேசில் ஊரு எப்படி இருக்கு?" மும்பை தாராவியிலிருந்து மாமியார் பேராச்சி போனில் கத்தினாள்.

"ரியோ சூப்பரா இருக்கு அத்தே! தெருவெல்லாம் ஒரே ஆட்டம் பாட்டம். நேத்து கேபிள் கார்ல மலைக்குப் போனோம். இன்னைக்கு பீச்."

"வீடியோவுல காட்டேன்."

"இங்க நெட்டு சரியில்ல அத்தே."

"ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டு அனுப்பிருக்கானே, ஒன் கம்பெனிக்காரன் நல்லா இருக்கணும். எம்மவன் என்ன செய்யுதான்?"

"குளிச்சிட்டு இருக்காவ."

கட்டிலில் கிடந்த மாரிசெல்வம் சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தான். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே தாணே ஸ்டேஷனின் ஒலிபெருக்கி இந்தியில் அலறியது. குர்லா வழியாகப் போகும் ஸ்லோ லோக்கல் ரயில் வருகிறதாம்.

"ஏட்டி, அது நம்மூரு லோக்கல் ட்ரெயின் சத்தம்லா?" என்றாள் பேராச்சி. மாரிசெல்வம் பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினான். ஷாலினி அசரவில்லை.

"ஆமா அத்தே, தாணேல லாட்ஜுலதான் இருக்கோம். அங்க வீட்ல ஒத்த ரூம்ல ஏழு பேரு படுக்கோம். கட்டுன புருசன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்னாலும் நீங்க எல்லாரும் தூங்கணும். வெளிநாடு போறோம்னு சொல்லாம வேற எப்படி வர? எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. வாரம் முடியாம வரமாட்டோம்."

பேராச்சி குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுட்டி, வீட்ல எல்லாரும் இருக்காவ. ஒன்னய யாரு இப்ப வரச் சொன்னா? கல்யாணமான புதுசுல நானும் ஒங்க மாமாவும் கோவா போறோம்னு சொல்லிட்டு குர்லாவுல ஒரு லாட்ஜுலதான் கிடந்தோம். ஆனா, காலேஜ் படிச்ச புள்ள, ஸ்டேஷன் பக்கத்துலயா ரூம் எடுப்பே?"