பஸ் வரும் வரைக்கும் ஒரு டூனிக்

"கையைத் தூக்குங்க. இன்னும். சரணடையற மாதிரி தூக்குங்கன்னா, பஸ்ஸுல கம்பியைப் பிடிக்கற மாதிரி தூக்கறீங்களே!"

தபால்காரர் கையைத் தூக்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியும் தெருவுக்கு அவர் தபால்காரர்தான். மனைவி தைத்த டூனிக் அவர் தலை வழியாக இறங்கியது. டூனிக் என்பது முழங்காலுக்குச் சற்று மேலே வந்து, இன்னும் இறங்கலாமா என்று யோசித்து, அங்கேயே நின்றுவிடுகிற சட்டை. பனியன் துணி. கத்தரிப்பூ நிறம். பத்திரிகையோடு இலவசமாக வந்த பேட்டர்ன் தாளை வைத்து வெட்டியது. அளவு மனைவியுடையது. ஆனால் முப்பது வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டதில் இருவருக்கும் மார்பு, இடுப்பு எல்லாம் ஒரே எண்ணில் வந்து சேர்ந்திருந்தன. ஒருவருக்குச் சளி பிடித்தால் மற்றவர் தும்முவார் என்றுகூடத் தெருவில் பேச்சு உண்டு.

"இப்ப இதுக்கு என்ன அவசரம்? பஸ் வந்துடப் போகுது."

"வர்றதுக்கு அரை மணி இருக்கு. அங்க போய் நிக்கறதை இங்க நில்லுங்க. கீழ் மடிப்புக்குக் குண்டூசி குத்திக்கறேன்."

விஷயம் இதுதான். காலையில் மகள் போனில் அழுதாள். மாப்பிள்ளையோடு சண்டை. துவைத்த துணியை யார் காயப்போடுவது என்று ஆரம்பித்து, இரண்டு பேரும் அடுத்தவர் பரம்பரையையே அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டார்கள். "அப்பாவை அனுப்பும்மா, பெட்டியோட வந்துடறேன்" என்றாள் மகள். "இதோ, அடுத்த பஸ்ஸுலயே ஏத்தி விடறேன்!" என்று மனைவி கத்தியது மூன்று வீட்டுக்குக் கேட்டது.

"யோசிச்சுப் பாரு," என்றார் தபால்காரர். "கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகுது. ரெண்டும் ரோஷக்காரங்க. ஒரு தடவை பெட்டி வாசலைத் தாண்டிட்டா, திரும்ப உள்ள போக நாலு பேர் சமாதானம் பேசணும்."

"பொண்ணு அழுவுறா, நீங்க யோசிக்கச் சொல்றீங்க. நல்ல அப்பா! திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றார். குண்டூசி டப்பா கவிழ்ந்தது. மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள், தங்கத்தைப் பொறுக்குவது போல. தெருமுனையில் ஹாரன் கேட்டது. டிரைவர் டீ குடித்து முடிக்கும் வரை பஸ் அங்கே நிற்கும்.

"பஸ் வந்தாச்சு! கழட்டுங்க, கழட்டுங்க!"

தபால்காரர் இழுத்தார். முனகினார். மறுபடி இழுத்தார்.

"வரலை."

"என்ன வரலை?"

"சட்டை வரலை. அக்குள்ல பிடிக்குது. துணியை மாத்திப் போட்டு வெட்டிட்டியா? பனியன் துணி உடம்பைச் சுத்தித்தானே விரியணும்? இது மேலயும் கீழயும் விரியுது."

"பேட்டர்ன்ல அம்புக்குறி போட்டிருக்கு. அதைப் பாத்துத்தானே வெட்டினேன்? உள்ள போகும்போது வழுக்கிட்டுப் போச்சே!"

"எலியும் பொறிக்குள்ள சுலபமாத்தான் போகுது."

மனைவி இழுத்துப் பார்த்தாள். சட்டை வரவில்லை, தபால்காரர் வந்தார். இருவருமாகக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அலமாரியில் முட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஹாரன் மறுபடி கேட்டது.

"இப்படியே போயிட்டு வரேன்," என்றார் அவர்.

"மாப்பிள்ளை வீட்டுக்கா? இந்தக் கோலத்துலயா?"

"அப்ப கத்தரிச்சுடு. பொண்ணை விடவா உனக்கு ஒரு சட்டை பெரிசு?" என்று பெருந்தன்மையாகக் கழுத்தை நீட்டினார்.

மனைவி கத்தரியை எடுத்தாள். கழுத்துப் பட்டியில் வைத்தாள். வெட்டாமலே எடுத்தாள். "எவ்வளவு உழைப்புங்க..." என்று அவள் பெருமூச்சு விட்டு முடிப்பதற்கும் பஸ் கிளம்புவதற்கும் சரியாக இருந்தது.

வேறு வழியில்லை. மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா வரலைடி. டூனிக்ல மாட்டிக்கிட்டாரு."

"எதுல?"

"என் டூனிக்ல. உள்ள போயிட்டாரு, வெளிய வர வழி தெரியலை. நான் சட்டையை இழுத்தா அவரும் கூடவே வராரு."

மறுமுனையில் விக்கல் மாதிரி ஒரு சத்தம். அது சிரிப்பு. "ஏங்க, இங்க வந்து இதைக் கேளுங்களேன்!" என்று மகள் கூப்பிட, வந்து சேர்ந்த இன்னொரு சிரிப்பு மாப்பிள்ளையுடையது.

"அத்தை, கழட்டறதுக்கு முன்னாடி மாமாவை ஒரு போட்டோ எடுத்துடுங்க!"

"அம்மா, பெட்டியெல்லாம் இருக்கட்டும். அப்பா வர வேண்டாம்," என்றாள் மகள் மூச்சு வாங்க. "இவர் துணி காயப்போட்டுட்டு இருந்தாரு, கிளிப்பைக் கையில வச்சிக்கிட்டே சிரிச்சிட்டு நிக்கறாரு. ஈரத்துணி எல்லாம் தரையில கிடக்கு. அப்புறம் பேசறேன்."

போனை வைத்த மனைவி, "பவுடர் டப்பா எடுத்துட்டு வரேன், போட்டா வழுக்கும்," என்று உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் தபால்காரர் உப்ப வைத்திருந்த வயிற்றை இறக்கினார். விறைத்திருந்த தோள்களைத் தளர்த்தினார். கையைத் தூக்கி ஒரு இழு. டூனிக் தலையணை உறை மாதிரிக் கழன்று வந்தது. திருப்தியாக அதை மடித்துக்கொண்டே திரும்பினால், கதவருகில் மனைவி. கையில் பவுடர் டப்பா இல்லை. ஊசியும் நூலும் இருந்தன.

"கழட்டியாச்சா? குடுங்க," என்றாள். "நேத்தே தைச்சு முடிச்சு நான் போட்டுப் பாத்த சட்டைங்க இது, தொளதொளன்னு இருந்துச்சு. அவசரப்பட்டு உங்களை அனுப்பறேன்னு வாயை விட்டுட்டேனேன்னு, பொண்ணு போனை வச்சப்புறம்தான் கீழ் மடிப்பைப் பிரிச்சேன்."