பின்வாசல் ஸ்டாப்

அவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது நான் ஓட்டும் பஸ்ஸில்தான். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் பெட்டி. ஏறிவந்து என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"என்னண்ணே, பெட்டியும் கையுமா?" என்றேன்.

"அக்கா வீட்டோடயே போயிடறேன் தம்பி. உதவித்தொகையை நிறுத்திட்டாங்க. வாடகைக்கு எங்கே போறது?"

"அடடா."

"யாரோ எழுதிப் போட்டுட்டாங்க. போகட்டும். தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு?"

என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். "அப்படியேதான்" என்றேன்.

எழுதிப் போட்டவன் நான்தான்.

அவர் எங்கள் மாடிவீட்டுக்காரர். இயந்திரத்தில் சிக்கி ஒரு கால் முடங்கிப் போனதால் மாதாமாதம் உதவித்தொகை வாங்கிவந்தார். அதை வாங்குகிறவர் வேலைக்குப் போகக் கூடாது. ஆனால் நான்கு மாதமாகத் தினமும் மதியம் என் பஸ்ஸில் ஏறி, மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் இறங்குவார். மாலை ஆறு மணிக்குச் சோப்பு வாசனையோடு திரும்புவார்.

"பார்த்தீங்களாண்ணே, உட்கார்ந்தா உதவித்தொகை, எழுந்தா சம்பளம்" என்பார் கண்டக்டர். "நமக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருந்து தொலையுது."

எனக்குச் சிரிப்பு வராது. என் மனைவியும் அதே சலவைக்கூடத்தில் மதிய வேலை பார்த்தவள். முதுகெலும்பில் நோய் வந்து படுத்த படுக்கையாகிவிட்டாள். சம்பளத்தோடு விடுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்றாள். அது எத்தனை நாளைக்கு? அவளுக்காக நான் போட்ட உதவித்தொகை விண்ணப்பம் மூன்றாம் முறையும் திரும்பி வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து அவரைப் பற்றி எழுதினேன். என் பெயர் போடவில்லை.

அவர் பெட்டியோடு போன அன்று, வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன்.

"மாடிவீட்டுக்காரர் காலி பண்ணிட்டார். ரெண்டு பக்கமும் வாங்கினா விடுவாங்களா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் லீவு முதல் மாசத்துலயே தீர்ந்துபோச்சுங்க. வேலை போயிடும்னு அண்ணன்கிட்ட அழுதேன். 'சும்மா இருந்தே கால் மரத்துப்போச்சு தங்கச்சி, உன் இடத்துல உட்கார்ந்து நான் துணி மடிக்கிறேன்'னார். சூப்பர்வைசரம்மாவும் கண்டுக்காம விட்டுட்டாங்க. சம்பளம் பூரா நம்ம வீட்டுக்குத்தான் வந்துச்சு. அவர் ஒரு டீக்குக்கூட எடுத்துக்கலை."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க ரோஷக்காரர், தடுத்துடுவீங்கன்னு அவர்தான் வேணாம்னார். விசாரணையில, கூலியைத் தானே வாங்கிக்கிட்டதா ஒத்துக்கிட்டாராம். இல்லேன்னா என் பேர் வெளிய வந்திருக்கும்."

நான் எழுதியதை அவளிடம் சொல்லவே இல்லை. அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று, அக்கா வீட்டு விலாசத்தைத் தேடி வாங்குவதற்குள் அவர் போய்விட்டார். மறுவருஷம் அவளும் போய்விட்டாள்.

சலவைக்கூடத்திலிருந்து கொடுத்தனுப்பிய அவளுடைய வருகை அட்டை என்னிடம் இருக்கிறது. எழுந்திருக்க முடியாமல் அவள் கிடந்த அந்த நான்கு மாதமும், ஒரு நாள்கூட விடாமல் வேலைக்கு வந்ததாக அதில் முத்திரை விழுந்திருக்கிறது.