சூடு ஆறட்டும்

"எஞ்சின் சூடா இருக்கேண்ணே. நான் வர்ற வரைக்கும் சாவியே போடாதீங்கன்னு போன்ல சொன்னேனா இல்லையா?"

பானட்டின் மேல் வைத்த கையைச் சமியுல்லா எடுக்கவில்லை. எதிரே நின்ற செங்குட்டுவன் ஈர வேட்டியின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே, "காலையில ஒரு வேலையா எடுக்க வேண்டியதாப் போச்சு பாய்" என்று மட்டும் சொன்னார்.

சமியுல்லா மந்தாரக்குப்பத்தில் பழைய டிராக்டர் வாங்கி விற்பவர். ஆறிக் கிடக்கும் எஞ்சின்தான் உண்மை பேசும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். நோஞ்சான் வண்டியை விற்க நினைப்பவர்கள், பார்க்க ஆள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் சாவியைத் தொட்டாலே உறுமும். போன மாதம் அப்படி ஒரு வண்டியை நம்பி வாங்கி, கைமுதலில் பாதியைப் பறிகொடுத்திருந்தார். இன்னொரு முறை ஏமாந்தால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான். சூடு கண்ட பூனை அவர்.

செங்குட்டுவனுக்கோ இன்றைக்கே விற்றாக வேண்டும். நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். வீட்டுச் சாமான்கள் மூட்டை மூட்டையாக வாசலில் கிடந்தன. போகிற புது இடத்தில் உழுவதற்கு நிலமும் இல்லை, வண்டியை நிறுத்த இடமும் இல்லை. இவர் வேண்டாமென்று போய்விட்டால் இன்னொருவரைத் தேடிப் பிடிக்க நேரமும் இல்லை.

சமியுல்லா வண்டியைச் சுற்றி வந்தார். சொட்டச் சொட்டக் கழுவியிருந்தது. ஆயில் கசிவை மறைக்க நினைக்கிறவன்தான் விற்கிற அன்றைக்கு வண்டியைக் கழுவுவான். பின்னால் கழற்றிவிட்டிருந்த டிரைலரையும் விடவில்லை, அதுவும் ஈரமாக நின்றது. வாசலில் மூட்டைகளுக்கு நடுவே செங்குட்டுவனின் மனைவி வள்ளியம்மாள் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை, ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று சமியுல்லா நினைத்துக்கொண்டார்.

"சூடு ஆறட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று முந்திரி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

தூரத்தில் சுரங்கத்து மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. எந்த ஊருக்குப் போகிறார்கள், அங்கே வீடு கட்டியாகிவிட்டதா, இனி பிழைப்புக்கு என்ன வழி என்று விசாரித்துப் பார்த்தார். கான்ட்ராக்ட் வேலை கிடைத்தால் போவேன் என்று செங்குட்டுவன் தரையைப் பார்த்துச் சொன்னபோது சமியுல்லாவுக்கு மனசு சங்கடப்பட்டது. ஆனால் பரிதாபப்பட்டு வாங்கியதுதான் போன மாதத்து வண்டி.

எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் புகை கக்கிவிட்டுச் சீராக ஓடியது. கிளட்ச், கியர், பிரேக், கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு சொட்டு ஆயில்கூடக் கீழே விழவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய மனிதருக்கு இப்போதுதான் சந்தேகம் பலத்தது. மறைக்க ஒன்றுமே இல்லாத வண்டியை எதற்காகச் சூடாக்க வேண்டும், எதற்காகக் கழுவ வேண்டும்? எஞ்சினை அணைத்து இறங்கி, டிரைலரைக் குனிந்து பார்த்தார். எவ்வளவு கழுவியும் பலகை இடுக்குகளில் புதுச் செம்மண் ஒட்டியிருந்தது. திருட்டு மண் அடித்த வண்டியா? அப்படியானால் வாங்கிய கையோடு போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

"அண்ணே, வண்டியில குத்தமில்ல. ஆனா விடியக்காலையில மண்ணு அடிச்சிருக்கீங்க. கேஸு வந்தா என் தலையிலதான் விடியும்."

"மண்ணு விக்கிற ஆளு இல்ல பாய் நானு."

"அப்ப என்ன ஏத்தினீங்க? அதச் சொல்லிட்டா இப்பவே வாங்கிக்கினு போறேன்."

செங்குட்டுவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமியுல்லா சாவியை நீட்டினார். அதை அவர் வாங்கிக்கொள்ளவும் இல்லை. அந்த மனிதரைப் பார்த்தால் திருடன் மாதிரியும் தெரியவில்லை. கடைசியாக ஒரு வழி தேடிய சமியுல்லாவின் கண்ணில் மட்கார்டில் எழுதியிருந்த பெயர் பட்டது.

"இளவேனில்ங்கறது யாருண்ணே?"

"எம் பொண்ணு."

"சரி. தப்பான எதையும் ஏத்தலன்னு அந்தப் பொண்ணு மேல சத்தியம் பண்ணுங்க. நம்பி வாங்கிக்கிறேன்."

செங்குட்டுவன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வள்ளியம்மாள்தான் எழுந்து வந்தாள்.

"சத்தியம் எதுக்குங்க? அவளத்தான் ஏத்திக்கினு போனோம்" என்றாள். "நாளைக்கு எங்க கொல்லையில மெஷினு எறங்குது. புள்ளையப் பொதச்ச எடத்துலயே விட்டுட்டு வர மனசு வரல."