விலை ஏறிய கேசட்

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் கேசட்டில்தான் வரும். அவற்றை விற்கிற கடையில் ஒரிஜினல் கேசட் ஒன்று இருந்தது. அதே விளையாட்டின் நகல்கள் பக்கத்துக் கூடையில் டீக்காசுக்குப் போய்க்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க ஒரிஜினலுக்கு வயிறு எரிந்தது.

"தம்பி, இந்தக் கூடை இருக்கிற வரைக்கும் என்னை எவன் மதிப்பான்? ஓடுதான்னு பார்க்க அதுங்களை உனக்குள்ளதானே போடுறாங்க, நாடாவை மென்னுடு" என்றது கடையிலிருந்த டேப் பிளேயரிடம்.

"பாவம்ண்ணே. அதுங்ககிட்ட இருக்கிறதும் உங்க ஆட்டம்தானே?"

"எனக்கு விலை ஏறட்டும். உன்னையும் என்னோட சேர்த்துக் கண்ணாடி அலமாரியில வைப்பாங்க."

டேப் பிளேயர் முதல் நகலைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றது. அடுத்ததற்கு அவ்வளவு கஷ்டப்படவில்லை. "மட்டமான நாடா" என்று கடைக்காரர் நகல்களைத்தான் திட்டினார். கூடை காலியானது. ஒரிஜினல் மேல் புது விலைச்சீட்டு ஏறியது. ஆசையாக வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஒரிஜினலுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் காரில் ஒருவர் வந்து இறங்கினார். விலையைக் கேட்டு அசரவில்லை.

"ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, எடுத்துக்கறேன்."

கடைக்காரர் ஒரிஜினலை டேப் பிளேயருக்குள் வைத்து மூடினார். சக்கரம் சுழன்றது. நாடா வெடுக்கென்று இழுபட்டது.

"தம்பி, நான்டா! நான்டா!"

"தெரியுதுண்ணே" என்றது டேப் பிளேயர், வாய் நிறைய நாடாவோடு. "நிறுத்தத்தான் பார்க்கிறேன். முடியல."