திரையின் வலப்பக்கம்

“பிரிவுபசார விழாவுக்கு ஒரு பேச்சு. டைப் பண்ணும்மா” என்றார் மேலாளர்.

டைப்பிஸ்ட் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அலுவலகத்தில் புதிதாகப் போட்ட மென்பொருள், எதை அடித்தாலும் அதற்குத் தொடர்பான பழைய சமாசாரங்களைத் தானாகத் தோண்டியெடுத்துத் திரையின் வலப்பக்கம் காட்டும்.

“கோபம் என்றால் என்னவென்றே தெரியாதவர்” என்று அவர் சொல்ல, அடித்தாள்.

ஃபைலை முகத்தில் விட்டெறிந்ததாகக் காசாளர் கொடுத்த புகார் வந்து நின்றது.

“அந்தச் சனியனை மூடு.”

“மூட முடியாது சார். தலைமை அலுவலக உத்தரவு.”

“சரி, அடி. ஊழியர்களின் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக நினைத்தவர்.”

அவளுடைய அப்பா செத்த அன்று அவள் கொடுத்த லீவு லெட்டர் வந்தது. குறுக்கே சிவப்பில், ‘மறுக்கப்படுகிறது’.

“என்ன வாய் பார்த்துட்டு இருக்க?”

“இதை யார் சார் படிக்கப்போறது?”

“நீதான். நாளைக்கு மேடையில என்னை உட்கார வெச்சதும், எழுந்து கண் கலங்கப் படிக்கணும். கடைசி வரி: தற்பெருமை துளியும் இல்லாதவர்.”

அடித்தாள். மென்பொருள் இந்த முறை பழசைத் தோண்டவில்லை. அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்த அதே பேச்சை வலப்பக்கம் எடுத்துப் போட்டது.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.