கழுத்துக் கறுப்பு

எட்டு வயது நிறைமதியின் பிடரியைப் பயத்தமாவு போட்டுத் தேய்த்துச் சிவக்க வைத்தும் அந்தக் கறுப்புப் பட்டை போகவில்லை. அம்மா பூங்கோதை டாக்டரிடம் காட்டினாள்.

"இது அழுக்கில்லம்மா. பின்னாடி சர்க்கரை வரலாம்னு உடம்பு காட்டுற அடையாளம். இவ வயித்துல இருந்தப்ப உங்களுக்கு சுகர் இருந்துச்சா?"

இருந்தது. ரெண்டு உயிருக்குச் சாப்பிடச் சொல்லி எல்லோரும் ஊட்ட, பூங்கோதையும் சந்தோஷமாகச் சாப்பிட்டுப் பெருத்திருந்தாள்.

மறுநாள் குளிக்கும்போது நிறைமதி கழுத்தை வளைத்து, கண்ணை இறுக மூடிக் காத்திருந்தாள். பூங்கோதை வெறும் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.

"ஏம்மா தேய்க்கல?"

"வேணாம்டி. அது நான் குடுத்தது."

நிறைமதி ஈரக்கையால் அம்மாவின் கூந்தலை விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் அதே பட்டை.

"ஐ! அப்ப நான் அப்பா ஜாடைன்னு அத்தை சொன்னது பொய்தானே?"